மாமா சொன்ன புலமைப்பரிசில்

கேள்வி: கிளிநொச்சி மாவட்டத்தில் கண்டாவளைப் பக்கம் இருக்கிறோம். கணவர் வயல் செய்கிறார். மகனுக்கு இருபது வயது, உயர்தரத்தில் கணிதப் பிரிவில் ஒரு பி, இரண்டு சி. என் அண்ணன் அமெரிக்கப் பிரசை. அவருடைய மகன் அங்கே பல்கலைக்கழகத்தில் ஆர்.ஓ.ரி.சி. என்ற இராணுவ அதிகாரிப் பயிற்சித் திட்டத்தில் இருக்கிறான். படிப்புச் செலவை இராணுவமே கட்டுகிறது, கைச்செலவுக்கும் மாதாமாதம் காசு வருகிறது. "இவனையும் அனுப்பு, இதே மாதிரிப் படிக்கலாம்" என்கிறார் அண்ணன். யாழ்ப்பாணத்தில் ஓர் ஏஜென்சி அந்தத் திட்டத்தில் இடம் எடுத்துத் தர ஐந்து லட்சம் கேட்டது. ஒரு லட்சம் முற்பணம் கட்டி, பாஸ்போட்டையும் கொடுத்துவிட்டோம். பள்ளிக்கூட சேர் ஒருவர், "அவ்வளவு தூரம் ஏன், கொத்தலாவல பாதுகாப்புப் பல்கலைக்கழகத்துக்குப் போடுங்கள்" என்கிறார். கணவர் இயக்கத்தில் இருந்து, 2009க்குப் பிறகு புனர்வாழ்வு பெற்று வந்தவர். என் தம்பி காணாமல் ஆக்கப்பட்டவர், படம் வீட்டுச் சுவரில் இருக்கிறது. எந்த நாட்டுச் சீருடை என்றாலும் எனக்கு வயிறு கலங்குகிறது. மகனோ மச்சானின் படத்தைப் போனில் வைத்துக்கொண்டு திரிகிறான். என்ன செய்வது?

பதில்:

அன்புள்ள சகோதரி,

ஏஜென்சிக்கு இனி ஒரு சதமும் கொடுக்க வேண்டாம். மாணவர் விசாவில் அமெரிக்கா போகும் பிள்ளைக்கு ஆர்.ஓ.ரி.சி. புலமைப்பரிசில் கிடைக்காது. அதைப் பெற அமெரிக்கப் பிரசாவுரிமை வேண்டும் என்பது அந்த நாட்டுச் சட்டம். இதில் ஏஜென்சி "எடுத்துத் தர" ஒன்றுமில்லை. அந்தப் புலமைப்பரிசிலுக்கு விண்ணப்பிக்கக் கட்டணமும் கிடையாது, தகுதியுள்ள பிள்ளை தானே இணையத்தில் விண்ணப்பிக்கலாம். இல்லாத கதவுக்குச் சாவி விற்கிறவர்களிடம் பேரம் பேசி என்ன பயன்?

உங்கள் அண்ணன் பொய் சொல்லவில்லை. தன் வீட்டில் நடந்ததைச் சொல்லியிருக்கிறார். அவருடைய மகன் அந்த நாட்டுப் பிரசை என்பதால் அவனுக்கு அந்தக் கதவு திறந்தது. வெளிநாட்டில் இருக்கும் நம்மவர்கள் பலர் தங்கள் பிள்ளைகளின் அனுபவத்தை வைத்தே ஊரில் இருக்கும் பிள்ளைகளுக்கு வழி சொல்கிறார்கள். அன்பினால்தான் சொல்கிறார்கள், ஆனால் நடுவில் இருக்கும் விசா அவர்கள் கண்ணில் படுவதில்லை.

இருந்தாலும், அந்தத் திட்டம் என்ன என்பதை மகனும் நீங்களும் சேர்ந்து தெரிந்துகொள்வது நல்லது. ஏனென்றால் அவன் போனில் வைத்திருக்கும் படத்தில் சீருடை மட்டும்தான் தெரிகிறது. மச்சான் போட்ட கையெழுத்து அதில் தெரியாது.

ஆர்.ஓ.ரி.சி. இன்றைய வடிவத்தில் 1916இல் வந்த பாதுகாப்புச் சட்டத்தோடு தொடங்கியது. அதற்கு முன்பே, 1862இல், மாநிலங்களில் கல்லூரி அமைக்க அரசு காணி கொடுத்தபோது, அங்கே விவசாயம், பொறியியலோடு இராணுவப் பயிற்சியும் கற்பிக்க வேண்டும் என்று நிபந்தனை போட்டிருந்தார்கள். அதனால்தான் அங்கே இராணுவ அதிகாரி எல்லாரும் தனி இராணுவக் கல்லூரியிலிருந்து வருவதில்லை. இன்று அமெரிக்கத் தரைப்படைக்குப் புதிதாக வரும் அதிகாரிகளில் பெரும்பகுதியினர் சாதாரணப் பல்கலைக்கழகங்களில் பொறியியல், தாதியியல், வரலாறு என்று ஏதாவது ஒன்றைப் படித்துக்கொண்டே பக்கத்தில் இந்தப் பயிற்சியையும் முடித்தவர்கள். கடற்படைக்கும் விமானப்படைக்கும் இதேபோலத் தனித்தனித் திட்டம் உண்டு.

முதல் இரண்டு ஆண்டுகள் கிட்டத்தட்ட ஒரு பாடம் எடுப்பது மாதிரிதான். வாரத்தில் சில மணி நேர வகுப்பு, விடிகாலையில் உடற்பயிற்சி, இடையிடையே களப்பயிற்சி. புலமைப்பரிசில் வாங்காத மாணவர் இந்தக் காலத்தில் எந்தக் கடமையும் இல்லாமல் விலகிப் போகலாம். மூன்றாம் ஆண்டுக்குப் போகும்போது ஒப்பந்தம் எழுதுவார்கள். அதற்குப் பிறகு ஒரு கோடை விடுமுறையில் கென்டக்கி மாநிலத்து போர்ட் நொக்ஸ் முகாமில் ஒரு மாதத்துக்கு மேல் பயிற்சி. பட்டம் கிடைக்கும் கையோடு இரண்டாம் லெப்டினன்ட் பதவி.

தரைப்படைத் திட்டத்தில் புலமைப்பரிசில் வாங்குபவருக்குப் படிப்புக் கட்டணம் முழுவதும், அல்லது அதற்குப் பதிலாகத் தங்குமிடம் சாப்பாட்டுச் செலவு. புத்தகத்துக்கு வருடம் 1,200 டொலர். படிக்கும் மாதங்களில் கைச்செலவுக்கு மாதம் 420 டொலர். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. அமெரிக்காவில் பட்டப்படிப்பு முடிக்கும் பிள்ளைகள் பலர் கடனோடுதான் வெளியே வருகிறார்கள், ஆகவே அங்கே பிறந்த பிள்ளைக்கு இது சின்ன விஷயமல்ல.

அதற்கு ஈடாக மொத்தம் எட்டு ஆண்டு சேவை. வழக்கமாக நான்கு ஆண்டு முழுநேரச் சேவை, மிச்சம் நான்கு ஆண்டு அழைத்தால் வர வேண்டிய ஒதுக்குப் படையில். முழுநேரமாகப் போகாமல் பகுதிநேரப் படையில் சேவையை முடிப்பவர்களும் உண்டு. நான்காண்டுப் புலமைப்பரிசில் வாங்கியவர் முதலாம் ஆண்டுக்குள் விலகினால் பிரச்சினை இல்லை. இரண்டாம் ஆண்டு தொடங்கிய பிறகு விலகினால் வாங்கிய காசைத் திருப்பிக் கட்ட வேண்டி வரும், அல்லது சாதாரணச் சிப்பாயாகச் சேவைக்குப் போக வேண்டி வரும். எங்கே அனுப்புவார்கள், எந்தப் போருக்கு அனுப்புவார்கள் என்பதெல்லாம் பிள்ளையின் கையில் இல்லை.

விதைக்க முன்னமே முதலாளியிடம் காசு வாங்கிவிட்டு, அறுவடை நெல்லை அவர் சொன்ன விலைக்குக் கொடுக்கும் கதை உங்கள் பக்கத்தில் நடக்காததல்ல. இதுவும் அந்த வகைதான். அப்படி வாங்குவது தப்பென்று நான் சொல்லவில்லை, அந்தக் காசு இல்லாமல் விதைக்கவே முடியாத ஆண்டுகள் உண்டு. ஆனால் அதை யாரும் புலமைப்பரிசில் என்று சொல்வதில்லை. இராணுவம் கட்டும் படிப்புச் செலவையும் முற்பணம் என்று பார்த்தால்தான் கணக்குச் சரியாக வரும்.

"முதலில் மாணவர் விசாவில் போய், அப்புறம் ஏதாவது வழியில் சேர்ந்துவிடலாம்" என்று யாராவது சொல்வார்கள். சில பல்கலைக்கழகங்களில் வெளிநாட்டு மாணவரை ஆரம்ப வகுப்புகளில் இருக்க விடலாம். ஆனால் ஒப்பந்தமும் இல்லை, காசும் இல்லை, பதவியும் இல்லை. கிரீன் கார்ட் என்ற நிரந்தர வதிவுரிமை உள்ளவர் அமெரிக்கப் படையில் சிப்பாயாகச் சேரலாம், அதிகாரியாகப் பிரசாவுரிமை வேண்டும். விசாவில் இருந்தவர்களிலும் சிறப்புத் திறமை உள்ள சிலரைச் சிப்பாய்களாக எடுத்த திட்டம் ஒன்று முன்பு இருந்தது. 2016இலேயே அதில் புதியவர்களை எடுப்பதை நிறுத்திவிட்டார்கள். வட்ஸ்அப்பில் இன்னும் சுற்றும் வெற்றிக் கதைகளில் பல அந்தக் காலத்துக் கதைகள்.

அண்ணன் "நான் ஸ்பொன்சர் பண்ணுகிறேன்" என்றும் சொல்லக்கூடும். மாமா மருமகனுக்கு நேரடியாக மனுப் போட முடியாது. சகோதரியான உங்களுக்குப் போடலாம், அதன் கீழ் கணவரும் இருபத்தொரு வயதுக்கு உட்பட்ட, திருமணமாகாத பிள்ளைகளும் வருவார்கள். அந்த வரிசையில் காத்திருப்பு பதினைந்து ஆண்டுகளுக்கும் மேல். மகனுக்கு இப்போதே இருபது. அந்த வழியை மகனின் படிப்போடு போட்டுக் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

விசாப் படிவத்தைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும், ஏனென்றால் ஏஜென்சிகள் அதிகம் விளையாடும் இடம் அதுதான். அமெரிக்க விசாப் படிவத்தில் இராணுவ சேவை, கிளர்ச்சிக் குழுக்களோடு தொடர்பு, பயங்கரவாதச் செயல் பற்றியெல்லாம் கேள்விகள் வரும். விடுதலைப் புலிகள் இயக்கம் 1997இலிருந்து அமெரிக்காவின் தடைப் பட்டியலில் இருக்கிறது. இதைக் காட்டிப் பயமுறுத்தி, "நாங்கள் நிரப்பித் தருகிறோம், வீட்டு விஷயம் ஒன்றும் சொல்ல வேண்டாம்" என்பார்கள். உங்கள் மகன் யுத்தம் முடியும்போது சின்னக் குழந்தை. தன்னைப் பற்றிய கேள்விகளுக்கு அவன் உள்ளதை உள்ளபடி எழுதலாம். பெற்றோர் பற்றி வரும் கேள்வியிலும் கடந்த ஐந்து ஆண்டுகள் என்று காலம் குறிப்பிட்டுத்தான் கேட்கிறார்கள். பொய் எழுதிப் பிடிபட்டால் அந்த நாட்டுக்குள் போகவே முடியாத தடை வரலாம். ஆகவே எந்த நாட்டுக்கு, எந்தக் காலத்தில் விசா கேட்டாலும் படிவத்தை மகனே நிரப்பட்டும். உங்கள் கணவர் எப்போதாவது தானே அமெரிக்க விசா கேட்பதாக இருந்தால் மட்டும், அந்த நாட்டுக் குடிவரவுச் சட்டம் தெரிந்த சட்டத்தரணி ஒருவரைக் கண்ட பிறகு கேளுங்கள். அதற்கு அண்ணன் உதவலாம். அவர் செய்யக்கூடிய நல்ல உதவி அது.

இனி, சேர் சொன்ன கொத்தலாவல பாதுகாப்புப் பல்கலைக்கழகம். இரத்மலானையில், சேர் ஜோன் கொத்தலாவலயின் காணியில், 1981ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் நடப்பது. இதற்குள் போக இரண்டு வழி உண்டு, ஊரில் இரண்டையும் ஒன்றாகப் பேசிவிடுகிறார்கள். ஒன்று, கடேற் அதிகாரியாக, அதாவது பயிற்சி அதிகாரியாகப் போவது. உயர்தரப் பெறுபேறு, மருத்துவப் பரிசோதனை, உடற்தகுதி, நேர்முகம் எல்லாம் பார்த்து எடுப்பார்கள். திருமணமாகாதவராக இருக்க வேண்டும். படிப்புக்குக் கட்டணம் இல்லை, மாதாமாதம் கொடுப்பனவும் உண்டு. இராணுவப் பயிற்சிக்குத் தியத்தலாவை, திருகோணமலை என்று அந்தந்தப் படையின் கல்லூரிக்கு அனுப்புவார்கள். முடிவில் முப்படைகளில் ஒன்றில் அதிகாரி, பிணைப்பத்திரம் எழுதிக் கட்டாய சேவை. மற்றது, சீருடைச் சேவை இல்லாமல், கட்டணம் கட்டிப் படிக்கும் பொது மாணவராகப் போவது. அந்தக் கட்டணம் வயல் வருமானத்தில் கட்டக்கூடியதல்ல.

சேரும் நல்ல மனதோடுதான் சொல்லியிருப்பார். காசு இல்லாத வீட்டுக் கெட்டிக்காரப் பிள்ளைக்குச் சம்பளத்தோடு ஒரு பட்டம் என்று அவர் பார்க்கிறார். ஆனால் அந்தப் பிணைப்பத்திரத்தில் எத்தனை ஆண்டு, இடையில் விலகினால் எவ்வளவு, பிணையாளர் யார் என்பதை எழுத்தில் பார்க்காமல் யாரும் யாருக்கும் அதைச் சிபாரிசு செய்யக் கூடாது. வகுப்பு ஆங்கிலத்தில் நடக்கும், முகாமில் நாளாந்தம் சிங்களம் வேண்டும். மகனுக்கு இரண்டும் எந்த அளவில் இருக்கிறது என்று நீங்கள் எழுதவில்லை.

அதற்கு மேல் உங்கள் வயிற்றுக் கலக்கம். அதை நான் தொழில் வழிகாட்டல் கணக்கில் போட்டுக் கூட்டிக் கழிக்கப் போவதில்லை. கிளிநொச்சியில் காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவுகள் 2017 பெப்ரவரியில் கந்தசுவாமி கோயிலடியில் தொடங்கிய போராட்டத்தை ஒரு நாளாவது போய்ப் பார்த்த எவரும், "அதெல்லாம் பழைய கதை, பிள்ளையின் எதிர்காலத்தைப் பாருங்கள்" என்று உங்களிடம் சொல்லமாட்டார்கள். அதே சமயம், யுத்தத்துக்குப் பிறகு வன்னியில் சி.எஸ்.டி. என்ற சிவில் பாதுகாப்புத் திணைக்களத்தின் பண்ணையிலும் முன்பள்ளியிலும் சம்பளம் வாங்கிக் குடும்பத்தை நிமிர்த்தியவர்களையும் நமக்குத் தெரியும். பாதுகாப்பு அமைச்சின் கீழ் வரும் வேலை என்று தெரிந்துதான் போனார்கள். அவர்களை யாரும் குறை சொல்லவும் முடியாது. ஒவ்வொரு வீடும் தன் கணக்கைத் தானே பார்த்தது.

அமெரிக்காவிலேயே இது சண்டை இல்லாத விஷயமல்ல. வியட்நாம் போர்க் காலத்தில் பல பல்கலைக்கழகங்களில் மாணவர்கள் ஆர்.ஓ.ரி.சி.யை வெளியே போகச் சொல்லிப் போராடினார்கள். 1970 மே மாதம் ஒகாயோ மாநிலத்தின் கென்ட் ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் அந்தத் திட்டத்தின் கட்டடம் எரிக்கப்பட்டது. இரண்டு நாளில் அதே வளாகத்தில் படையினர் சுட்டு நான்கு மாணவர்கள் இறந்தார்கள். ஹார்வர்ட் பல்கலைக்கழகம் அந்தக் காலத்தில் விலக்கிய திட்டத்தை 2011இல்தான் திரும்ப ஏற்றுக்கொண்டது. தங்கள் சொந்த நாட்டு இராணுவத்தைப் பற்றியே அங்கே பெற்றோரும் பிள்ளைகளும் நாற்பது ஆண்டுகளாக வாதாடியிருக்கிறார்கள் என்றால், நீங்கள் தயங்குவதில் என்ன பிழை?

நான் கேட்பது ஒன்றுதான். உங்கள் மறுப்பை மறுப்பாகவே சொல்லுங்கள். "உனக்கு இங்கிலீஷ் காணாது", "உன் உடம்புக்குச் சரிவராது" என்று வேறு காரணங்களை முன்னால் வைக்காதீர்கள். இருபது வயதுப் பிள்ளை அந்தக் காரணங்களை நம்பிவிடும், தன்னால் முடியாது என்று நினைத்துக்கொள்ளும். "காணாமல் ஆக்கப்பட்ட மாமாவின் படத்துக்குக் கீழே உன்னைச் சீருடையில் பார்க்க என்னால் முடியாது" என்று சொன்னால் அவனுக்குக் கோபம் வரலாம், ஆனால் விளங்கும். அவன் அப்பாவும் பக்கத்தில் இருந்து பேசட்டும். சீருடை போட்ட வாழ்க்கை என்ன என்று அந்த வீட்டில் தெரிந்தவர் அவர்தான்.

அப்புறம் மகனிடம் கேட்க வேண்டிய கேள்வி இருக்கிறது. அவனுக்கு அதிகாரியாக வேண்டுமா, அமெரிக்கா போக வேண்டுமா, அல்லது வீட்டுக்குப் பாரமில்லாமல் பொறியியல் படிக்க வேண்டுமா? மச்சானின் ஒரே படத்துக்குள் இந்த மூன்றும் கலந்து கிடக்கின்றன. பிரித்துக் கேட்டால் பெரும்பாலான பிள்ளைகள் கடைசி இரண்டில் ஒன்றைத்தான் சொல்வார்கள். உண்மையாகவே அதிகாரியாகத்தான் வேண்டும் என்று அவன் சொன்னால், அது வேறு பேச்சு. வயது வந்த பிள்ளை, உங்கள் மனதையும் பிணைப்பத்திரத்தையும் தெரிந்துகொண்டு முடிவெடுக்கட்டும்.

வீட்டுக்குப் பாரமில்லாமல் படிக்கத்தான் ஆசை என்றால், வழி உங்கள் வாசலிலேயே இருக்கிறது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியல் பீடம் கிளிநொச்சி அறிவியல் நகரில் இருக்கிறது. கண்டாவளையிலிருந்து வீட்டுச் சாப்பாட்டோடு போய்வரக்கூடிய தூரம். வவுனியா வளாகம் 2021 ஆகஸ்டிலிருந்து தனிப் பல்கலைக்கழகம், பம்பைமடுவில் பிரயோக விஞ்ஞானம், தொழில்நுட்பக் கற்கைகள், வணிகக் கற்கைகள் எல்லாம் உண்டு. அனுமதிக் கணக்கில் பெரும்பாலான பாடநெறிகளுக்கு நாற்பது வீதம் நாடளாவிய தகுதி வரிசையில், ஐம்பத்தைந்து வீதம் மாவட்ட ஒதுக்கீட்டில், மிச்சம் ஐந்து வீதம் கல்வியில் பின்தங்கிய மாவட்டங்களுக்கு. கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா, மன்னார் நான்குமே அந்தப் பட்டியலில் இருக்கின்றன. அதனால் ஒரு பி, இரண்டு சி என்றவுடன் "பொறியியலுக்குக் காணாது" என்று வீட்டிலிருந்தே முடிவெடுக்க வேண்டாம். பார்க்க வேண்டியது இசட் புள்ளியை, அதாவது பாடப் புள்ளிகளைத் தரப்படுத்திக் கணக்கிடும் அனுமதிப் புள்ளியை. பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் கைநூலை எடுத்து, கிளிநொச்சி மாவட்டத்துக்குச் சென்ற ஆண்டுகளில் வந்த வெட்டுப்புள்ளிகளோடு மகனின் இசட் புள்ளியை வைத்துப் பாருங்கள். விருப்ப வரிசையில் பொறியியலை மட்டும் போட்டுவிட்டு நிற்காமல், பௌதிக விஞ்ஞானம், கணினி சார்ந்த பாடநெறிகள், தொழில்நுட்பம் எல்லாவற்றையும் அவன் விருப்பப்படி ஒழுங்காக நிரப்பட்டும். குறைய நிரப்பி இடமிழக்கும் பிள்ளைகளை ஒவ்வொரு ஆண்டும் பார்க்கிறேன். படிப்பு இலவசம், மகாபொல புலமைப்பரிசிலுக்கு அல்லது பர்சரி என்ற உதவிப்பணத்துக்கும் விண்ணப்பிக்கலாம்.

அமெரிக்காதான் ஆசை என்றால் அவசரப்படாதீர்கள். முதல் பட்டத்துக்கு மாணவர் விசாவில் போகிறவர் முதலாம் ஆண்டுச் செலவுக்கான பணத்தைக் காட்ட வேண்டும், அதுவே பல்லாயிரம் டொலர். அங்கே போய் உழைத்துக் கட்டலாம் என்பதும் நடக்காது. படிக்கும் காலத்தில் வளாகத்துக்குள்ளேயே வாரம் இருபது மணி நேரம்தான் வேலை செய்யலாம். ஆனால் இங்கே நல்ல பட்டம் ஒன்றை முடித்துவிட்டு மேற்படிப்புக்குப் போகிறவரின் கதை வேறு. பொறியியலிலும் விஞ்ஞானத்திலும் அங்கே உள்ள பல்கலைக்கழகங்கள் ஆராய்ச்சி மாணவருக்குக் கற்பித்தல் உதவியாளர், ஆய்வு உதவியாளர் வேலை கொடுத்து, கட்டணத்தையும் விட்டு, மாதக் கொடுப்பனவும் கொடுக்கின்றன. பேராதனை, மொறட்டுவைப் பட்டதாரிகள் பலர் அப்படித்தான் போனார்கள். முதுமாணிப் படிப்புக்கு ஃபுல்பிரைட் புலமைப்பரிசிலும் இருக்கிறது. இந்த வழிக்கு எட்டு ஆண்டு இராணுவ சேவை கேட்கமாட்டார்கள். வேண்டியது நல்ல வகுப்பில் பட்டமும், இப்போதிருந்தே கொஞ்சம் கொஞ்சமாக ஆங்கிலமும். மச்சானோடு வாரத்துக்கு ஒருநாள் ஆங்கிலத்தில் பேசச் சொல்லுங்கள். அந்த மச்சான் இவனுக்குச் செய்யக்கூடிய உபகாரம் அது.

பல்கலைக்கழக அனுமதி விண்ணப்பத்தின் முடிவுத் திகதியை இன்றைக்கே பாருங்கள். அமெரிக்கக் கதையில் ஆழ்ந்து அந்தத் திகதியைத் தவறவிட்டால் ஓராண்டு போய்விடும்.

ஏஜென்சிக்குத் தனியே போகாமல் கணவரையும் படித்த உறவினர் ஒருவரையும் கூட்டிக்கொண்டு போங்கள். வாக்குவாதம் வேண்டாம். "மகன் அமெரிக்கப் பிரசை இல்லை, அப்படியானால் எந்தச் சட்டத்தின் கீழ் இந்த இடத்தை எடுத்துத் தருகிறீர்கள், எழுதித் தாருங்கள்" என்று மட்டும் கேளுங்கள். எழுதித் தரமாட்டார்கள். ரசீதைக் காட்டி முற்பணத்தைக் கேளுங்கள், மறுத்தால் ரசீதின் பிரதியோடு பொலிசில் முறைப்பாடு செய்யுங்கள். காசு வர நாளெடுக்கலாம். ஆனால் பாஸ்போட்டை அன்றைக்கே கையில் வாங்காமல் அந்தப் படியை விட்டு இறங்க வேண்டாம்.